பிடோக்கில் உதயமாகும் லக்னம்

ஜாதகம் கணிக்கப் பிறந்த நாள், பிறந்த நேரம், பிறந்த ஊர் ஆகிய மூன்றும் வேண்டும் என்பது ஜோதிடத்தின் பாலபாடம். இவற்றுள் ஊரைப் பற்றித் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அதிகம் கவலைப்படுவதில்லை. தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் சூரியோதயத்தில் உள்ள வேறுபாடு சில நிமிடங்களே என்பதால், அங்கே கவலைப்பட வேண்டிய தேவையும் அவ்வளவாக இல்லை. கடல் கடந்து குடியேறிய தமிழர்களிடத்தில்தான் இந்த மூன்றாவது விவரம் கணக்கைப் புரட்டிப்போடுகிறது. சிங்கப்பூரின் கிழக்குக் கரையை ஒட்டிய பிடோக்கில், ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுச் சுவரில் சென்னையில் அச்சான நாள்காட்டி தொங்குகிறது என்றால், அதில் உள்ள திதியும் ராகுகாலமும் வேறொரு கடிகாரத்தையும் அடிவானத்தையும் பார்த்து எழுதப்பட்டவை என்பதை அவ்வீட்டார் உணர்ந்திருப்பது அரிது.

லக்னம் என்பது, ஒருவர் பிறந்த கணத்தில் ராசி மண்டலத்தின் எப்பாகம் அவ்வூரின் கீழ்வானில் உதயமாகிக்கொண்டிருந்தது என்பதைக் குறிக்கும் புள்ளி. அதை முதல் வீடாகக் கொண்டே மற்றப் பதினொரு வீடுகளும் எண்ணப்படுகின்றன. வானம் ஏறத்தாழ நான்கு நிமிடங்களுக்கு ஒரு பாகை வீதம் சுழல்வதால், நேரத்தில் அரைமணிப் பிழை நேர்ந்தால் லக்னம் ஏழெட்டுப் பாகை நகர்ந்துவிடும். சிங்கப்பூரில் இப்பிழைக்கு வாய்ப்பு மிகுதி, ஏனெனில் அந்நாட்டின் கடிகாரமே ஒரு நிலையில் நின்றதில்லை. 1905இல் கிரீன்விச் நேரத்துக்கு ஏழு மணி முன்னதாக வைக்கப்பட்ட நேரம், 1933இல் இருபது நிமிடமும் 1941இல் மேலும் பத்து நிமிடமும் முன்னே தள்ளப்பட்டது. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் கைப்பற்றியதும் தோக்கியோ நேரமாகி ஒன்பது மணி வேறுபாட்டுக்குத் தாவி, 1945இல் மீண்டும் ஏழரைக்குத் திரும்பியது. இறுதியாக, 1981 டிசம்பர் 31 அன்று இரவு பதினொன்றரை மணியே நள்ளிரவாக அறிவிக்கப்பட்டு, 1982 முதல் இன்றைய எட்டு மணி வேறுபாடு நடப்புக்கு வந்தது. அந்த இரவில் பதினொன்றே முக்காலுக்குச் சிங்கப்பூரில் பிறந்ததாக ஒருவர் சொன்னால், அப்படி ஒரு நேரமே அங்கு இருக்கவில்லை என்று கணிப்பவர் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் காணலாம். 1966ஆம் ஆண்டு, சித்திரை முதல் நாளான ஏப்ரல் 14 அன்று, காலை 6:45 மணிக்குக் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் ஒரு குழந்தை பிறந்ததாகக் கொள்வோம். அவ்வாண்டில் மட்டும் அம்மருத்துவமனையில் நாற்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த எண்ணிக்கையில் பிரசவங்கள் நிகழ்ந்து அது உலக சாதனையாகப் பதிவானது. அன்றைய ஏழரை மணிக் கணக்கில் 6:30 மணியளவிலேயே சூரியன் உதித்துவிட்டதால், மேஷத்தின் தொடக்கத்தில் நின்ற சூரியனுக்குச் சற்றுப் பின்னே, மேஷ லக்னத்தில் அக்குழந்தை பிறந்திருக்கிறது. இன்றைய எட்டு மணிக் கணக்கை மென்பொருளில் இட்டால் அதே 6:45 சூரியோதயத்துக்கு முந்திய நேரமாகிவிடும். லக்னம் மீனத்துக்குப் போய்விடும். லக்னாதிபதி செவ்வாயாக இருக்க வேண்டிய இடத்தில் குரு வந்து அமர்வார், பன்னிரண்டு வீடுகளும் ஒரு கட்டம் இடம் மாறும், சந்திரன் நகர்ந்த அளவுக்குத் தசா இருப்பும் மாறும். இருபது ஆண்டுச் சுக்கிர தசையானால் அம்மாற்றம் ஐந்து மாதம் வரை வரும். பிறப்புச் சான்றிதழில் அச்சான எண் ஒன்றுதான். அது எந்தக் கடிகாரத்தின் எண் என்று கேட்கத் தெரிந்தவரே கணிதம் கற்றவர்.

இடத்தால் இத்தனை சிக்கல் தரும் சிங்கப்பூர், வேறொரு வகையில் ஜோதிட மாணவருக்கு நல்ல பாடசாலை. சூரிய சித்தாந்தம் முதலான பழைய கணித நூல்கள், உஜ்ஜயினியின் தீர்க்கரேகையும் பூமத்திய ரேகையும் சந்திக்கும் புள்ளியில் இலங்கை என்னும் நகரைக் கற்பித்து, அங்கிருந்தே உலகத்தை அளக்கின்றன. அது இன்றைய இலங்கைத் தீவு அன்று, கணக்குக்காக வைத்துக்கொண்ட ஓர் ஊர். ஒவ்வொரு ராசியும் அங்கே உதித்து முடிய எடுக்கும் காலம் லங்கோதயம் எனப்படும். மற்ற ஊர்களுக்கு அட்சாம்சத்தைப் பொறுத்துச் சரம் என்ற திருத்தத்தைக் கூட்டியும் கழித்தும் அவ்வூரின் ராசிமானத்தைப் பெற வேண்டும். பூமத்திய ரேகையிலிருந்து ஒன்றேகால் பாகை மட்டுமே வடக்கே இருக்கும் சிங்கப்பூரில் அத்திருத்தம் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. நூலாசிரியர்கள் கண்ணால் காணாத அந்த இலங்கையின் வானம், தீர்க்கரேகை தவிர மற்றெல்லா வகையிலும், பிடோக் வாசிகளுக்கு நாள்தோறும் வாய்க்கும் வானமாக இருப்பது சுவையான பொருத்தம். தீவு சிறியது என்பதும் கணிப்பவருக்கு வசதி: பிடோக்கில் சூரியன் உதித்து ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் ஜூரோங்கிலும் உதித்துவிடுகிறது, ஆகவே தீவு முழுவதற்கும் ஒரே பஞ்சாங்கம் போதும்.

அந்தப் பஞ்சாங்கம் சிங்கப்பூருக்கென்று கணிக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதே வற்புறுத்த வேண்டிய செய்தி. ராகுகாலம் பகற்பொழுதை எட்டாகப் பகுத்துப் பெறும் ஒரு பங்கு. திங்கட்கிழமைக்கு அது இரண்டாம் பங்கு. ஆறு மணிக்கு உதயம் என்று வைத்துக்கொண்டு ஏழரை முதல் ஒன்பது வரை என நாள்காட்டிகள் அச்சிடுகின்றன. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே சூரியன் உதிப்பதால் அங்குத் திங்கட்கிழமை ராகுகாலம் எட்டரை முதல் பத்து வரை. நாள்காட்டியில் உள்ளதை அப்படியே கொள்வதும் தவறு. இந்திய நேரத்துக்கும் சிங்கப்பூர் நேரத்துக்கும் உள்ள இரண்டரை மணியைக் கூட்டிப் பத்து முதல் பதினொன்றரை என்று கொள்வதும் தவறு. திதிக்கும் நட்சத்திரத்துக்குமோ இதே இரண்டரை மணியைக் கூட்டத்தான் வேண்டும், ஏனெனில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலுள்ள கோணத்தால் அமையும் திதி உலகெங்கும் ஒரே கணத்தில் முடிகிறது. ஆனாலும், சென்னைக்கு ஒன்றரை மணி நேரம் முன்பாகச் சிங்கப்பூரில் விடிந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் ஒரு திதி முடிந்தால், உதயத் திதியைக் கொண்டு நோற்கும் விரதம் இரண்டு ஊர்களிலும் இரண்டு நாள்களில் வரும்.

எந்தப் பஞ்சாங்கம் என்ற கேள்வி இதனினும் பழையது. வாக்கியப் பஞ்சாங்கம், முன்னோர் வகுத்த சூத்திரத் தொடர்களை மனப்பாடமாகக் கொண்டு கணிப்பது. சந்திரன் தன் வேக மாற்றச் சுழற்சியை 248 நாளில் ஏறக்குறைய ஒன்பது முறை முடிப்பதால், அந்நாள்களுக்குரிய சந்திர நிலைகளை, எழுத்துகளுக்கு எண்மதிப்பு தரும் கடபயாதி முறையில் 248 சிறு வாக்கியங்களாக அமைத்துவைத்தனர். புதுச்சேரியில் இருந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, ஏட்டில் எதையும் எழுதாமல், 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் ‘காலசங்கலிதம்’ என்ற நூலில் பதிவு செய்திருக்கிறார். பின்னாளில் அறிவியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கெபவர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தொடக்க நேரத்தில் நான்கு நிமிடமும் நடு நேரத்தில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமுமே பிழை இருந்தது. மனக்கணக்குக்கு இது வியக்கத்தக்க துல்லியம். வானத்தோடு ஒப்பிட்டால் பிழை பிழைதான்.

அப்பிழையைக் களைய எழுந்ததே கண்ணால் கண்டு சரிபார்க்கும் திருக்கணிதம். சென்னை வான் ஆய்வகத்தில் பணியாற்றி, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, அம்முறையில் பஞ்சாங்கம் வெளியிட்டுப் பழைமைவாதிகளோடு வாதாடினார். விடுதலைக்குப் பின், மேகநாத் சாகா தலைமையில் 1952இல் அமைந்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு, சித்திரை விண்மீனை அடிப்படையாகக் கொண்ட அயனாம்சத்தை, அதாவது விண்மீன் ராசிக்கும் பருவ ராசிக்கும் இடையிலான விலகலை, வரையறுத்தது. இன்று அது ஏறத்தாழ 24 பாகை. ஆயினும் கோயில்கள் பலவும் வாக்கியத்தை விடவில்லை: திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17 அன்று நிகழ்ந்த சனிப்பெயர்ச்சியைத் திருநள்ளாறு வாக்கியப்படி அவ்வாண்டு டிசம்பர் 20 அன்றுதான் கொண்டாடியது. ஒரே கோள் ஒரு ராசியிலிருந்து அடுத்ததற்குப் போகப் பதினொரு மாத வேறுபாடு வருமானால், ஏழரைச் சனி தொடங்கிவிட்டதா என்று கேட்பவருக்கு எந்தப் பதிலும் பாதிப் பதிலாகவே இருக்கும்.

சிங்கப்பூரில் தமிழ்நாட்டு மரபோடு யாழ்ப்பாண மரபும் உடன் வாழ்கிறது. சிலோன் சாலையில் உள்ள செண்பக விநாயகர் ஆலயம் இலங்கைத் தமிழர் எழுப்பியது. அவர்களுடைய நாட்டிலோ கொக்குவில் இரகுநாதையர் பஞ்சாங்கம் வழிவழியாகப் புழங்குவது. போசராச பண்டிதர் 1310இல் தம்பதெனிய அரசவையில் அரங்கேற்றிய சரசோதிமாலையும், யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரமாலையும் அம்மரபின் தமிழ் நூல்கள். தமிழகத்தில் சாதக அலங்காரமும் உள்ளமுடையானும் அதே இடத்தைப் பெற்றவை. வேத ஜோதிடம் என்று இன்று வழங்கும் பெயரை மட்டும் சற்று நிதானத்தோடு கொள்ள வேண்டும். வேதாங்க ஜோதிடம் வேள்விக்கு நாள் குறிக்கும் நூல். அதில் பன்னிரு ராசியும் இல்லை, லக்ன ஜாதகமும் இல்லை. அவை கிரேக்கத் தொடர்புக்குப் பின் வந்து, ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரரின் பிருகத் ஜாதகத்தில் முழு வடிவம் பெற்றவை. இன்றும் முறைகள் பிறந்தபடியே இருக்கின்றன: திருவையாற்றில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணமூர்த்தி (1908–1972) ராசி மண்டலத்தை 249 உட்பிரிவுகளாக்கி அமைத்த பத்ததி, கணினியோடு வளர்ந்த தலைமுறையை எளிதில் ஈர்த்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஜோதிடப் பட்டப்படிப்புக்கு 2001இல் மானியக் குழு வழிவிட்டபோது அறிவியலாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2004இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

கணிதம் வேறு, பலன் வேறு. முன்னதைக் கடிகாரமும் தொலைநோக்கியும் சரிபார்க்கலாம். பின்னதைச் சோதித்த முயற்சிகள் சாதகமாக அமையவில்லை. வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகரும் உடன் பணியாற்றியோரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 27 ஜோதிடர்களுக்கு ஆளுக்கு 40 ஜாதகங்கள் தந்து, அவை அறிவுக்கூர்மை மிக்க பிள்ளைகளுடையவையா, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுடையவையா என்று கேட்டபோது, சரியான விடை 46 விழுக்காடே. காசைச் சுண்டினாலும் ஏறக்குறைய அதுவே வந்திருக்கும். ஐயம் சிங்கப்பூருக்கும் புதிதன்று: கோ. சாரங்கபாணி முன்னின்று நடத்திய தமிழர் சீர்திருத்தச் சங்கம் 1932 முதலே மூடநம்பிக்கைகளுக்கு எதிராகப் பேசிவந்தது.

லக்னமும் அயனாம்சமும் தேவைப்படாத ஒரு ஜோதிடமும் சிங்கப்பூரின் தேக்காவில் நெடுநாள் இருந்தது. 2010 உலகக் கிண்ணக் காற்பந்தின்போது, சீட்டு எடுக்கும் மணி என்ற கிளி, காலிறுதி ஆட்டங்கள் நான்கின் வெற்றியாளர்களையும் சரியாகச் சொன்னதாக உலகச் செய்திகளில் இடம்பெற்று, சிராங்கூன் சாலைக்குக் கூட்டத்தை வரவழைத்தது. இறுதி ஆட்டத்துக்கு அது நெதர்லாந்தின் சீட்டை எடுத்தது, ஸ்பெயின் 1–0 என்று வென்றது.