பிரீமியம் ஏறுகிறது, பாலிசியை நிறுத்திவிடலாமா?

சென்ற மாதம் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நம் மஹல்லாப் பெரியவர் ஒருவர் கையில் ஒரு கடிதத்தோடு வந்தார். மகன் துபாயில் வேலை செய்கிறார். "ஹஜ்ரத், பத்து வருஷமா மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கட்டுறோம். அல்லாஹ் கிருபையில ஒரு தடவைகூட ஆஸ்பத்திரியில படுக்கல. வருஷா வருஷம் தொகை ஏறிக்கிட்டே போவுது. நிறுத்திடலாமா?" என்று கேட்டார். அதிராம்பட்டினம் முதல் கூத்தாநல்லூர் வரை பல வீடுகளில் இன்று இதே கேள்விதான்.

வளைகுடாவில் வேலை செய்யும் மகனுக்கு அங்குள்ள சட்டப்படி முதலாளியே காப்பீடு எடுத்துத் தருகிறார். ஊரில் இருக்கும் அத்தாவுக்கும் அம்மாவுக்கும் அது பொருந்தாது. நோய் அதிகம் வரும் வயதில் இருப்பவர்களோ அவர்கள்தாம்.

ஏன் ஏறுகிறது?

வயது கூடக் கூட பிரீமியமும் கூடும். மருத்துவமனைச் செலவும் ஆண்டுதோறும் உயர்கிறது. இது நம் நாட்டில் மட்டும் உள்ள நிலை அல்ல. அமெரிக்காவில் 2025ஆம் ஆண்டு நிறுவனங்கள் வழியாக எடுக்கப்படும் குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டு பிரீமியம் 26,993 டாலர். நம் கணக்கில் 23 லட்சம் ரூபாய்க்கு மேல். அதில் தொழிலாளி தம் சம்பளத்திலிருந்து தருவது மட்டும் 6,850 டாலர்.

நம் நாட்டில் இரண்டு நிவாரணங்கள் வந்துள்ளன. தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. 30,000 ரூபாய் பிரீமியத்துக்கு முன்பு வரியோடு 35,400 கட்ட வேண்டியிருந்தது. அடுத்து, 60 வயதைக் கடந்தவர்களின் பிரீமியத்தை ஓர் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்துதான் செய்ய வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவானது. ஆனாலும் ஆண்டுக்கு 10 சதவீதம் என்றாலே எட்டு ஆண்டில் தொகை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும்.

நிறுத்தும் முன் யோசியுங்கள்

பெரியவரிடம் நாம் சொன்னது இதுதான்: பத்து ஆண்டு பாலிசி சாதாரணமானதல்ல. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதில் முடிந்துவிட்டது. இன்று நிறுத்தி நாளை புதிதாக எடுத்தால், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மூன்று ஆண்டு வரை மீண்டும் காத்திருக்க நேரும். ஐந்து ஆண்டு தொடர்ந்து கட்டிய பாலிசியில், மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர, நோயை மறைத்தார் என்று சொல்லி நிறுவனம் கிளெய்மை மறுக்க முடியாது.

சுமையைக் குறைக்க வழிகள் உண்டு. குடும்பம் முழுவதும் ஒரே பாலிசியில் இருந்தால் மூத்தவரின் வயதை வைத்தே பிரீமியம் கணக்கிடப்படும். பெற்றோருக்குத் தனி, பிள்ளைகளுக்குத் தனி என்று பிரித்துக் கேட்டுப் பாருங்கள். சிறிய பாலிசியோடு சூப்பர் டாப்-அப் சேர்ப்பதும் பல நேரம் மலிவு. வேறு நிறுவனத்துக்கு மாற நினைத்தால் புதுப்பிக்கும் நாளுக்கு ஒன்றரை மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். காத்திருந்த ஆண்டுகள் வீணாகாது. அறை வாடகை வரம்பையும், நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். இருக்கும் நோயை மறைக்காதீர்கள். பொய் சொல்வது மார்க்கத்தில் பாவம். பணம் தேவைப்படும் நாளில் அதுவே கிளெய்மைக் கெடுக்கும்.

அரசுத் திட்டம்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். பயனாளி பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தில் பதிய வேண்டும். தகுதி இருந்தும் அட்டை எடுக்காத வீடுகள் நம் தெருக்களில் இன்னும் உள்ளன. பலர் மருத்துவமனையில் படுத்த பிறகுதான் அலைகிறார்கள். தகுதி இல்லாதவர் பொய்ச் சான்று வாங்கிச் சேர்வது கூடாது. அது ஏழையின் ஹக்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

ஜித்தாவிலுள்ள சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1985இல், நிலையான பிரீமியம் கொண்ட வணிகக் காப்பீட்டில் நிச்சயமின்மை உள்ளதால் அது கூடாது என்றும், பரஸ்பர உதவி அடிப்படையிலான கூட்டுறவுக் காப்பீடு ஆகும் என்றும் முடிவு செய்தது. மலேசியாவில் 1984லேயே தகாஃபுல் சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் அந்த வசதி இல்லை. எனவே நிர்ப்பந்த நிலை குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. உங்கள் நிலையைச் சொல்லி உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு முடிவெடுங்கள்.

அஷ்அரீ குலத்தார் உணவு குறைந்தபோது இருப்பதையெல்லாம் ஒரே துணியில் சேர்த்துச் சமமாகப் பங்கிட்டுக் கொண்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைப் பாராட்டி, அவர்களைத் தம்மவர் என்றார்கள். நம் ஜமாஅத்துகளும் இதைச் செய்யலாம். வீட்டுக்கு மாதம் 100 ரூபாய் வீதம் 300 வீடுகள் தந்தால் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் சேரும். பெரிய அறுவை சிகிச்சைகள் எல்லாவற்றுக்கும் இது போதாது. ஆனால் ஒரு குடும்பம் அவசரத்துக்கு நகையை வட்டிக்கு வைப்பதைத் தடுக்கப் போதும். பைத்துல்மால் இருக்கும் ஊர்களில் மருத்துவத்துக்கென்று தனிக் கணக்கு தொடங்குங்கள்.

பயிருக்கு நவம்பர் 15க்குள் காப்பீடு செய்ய வரிசையில் நிற்கும் நாம், அந்த வயலில் இறங்கும் மனிதரின் உடம்பையும் கவனிப்போம். பெரியவர் இந்த ஆண்டும் பாலிசியைப் புதுப்பித்துவிட்டார். தமக்கும் மனைவிக்கும் மட்டும், பிள்ளைகளுக்குத் தனியாக. அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக, ஆமீன்.