சூடான சுவரை ஒட்டி ஏறும் நீர்

வெப்பச்சலனப் பாடத்தில் முகவையை அடியிலிருந்து சூடாக்கிக் காட்டுகிறோம். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் ஊதா நிறம் மேலேறுகிறது. "வெப்பம் மேலே போகும்" என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண்ணும் கொடுத்துவிடுகிறோம். அந்த விடை சரிதானா? பக்கவாட்டில் சூடாக்கிப் பார்ப்போம்.

செயல்பாடு

அகன்ற கண்ணாடிப் பாத்திரத்தின் நடுவில் எவர்சில்வர் டம்ளரை வையுங்கள். அதில் சூடான நீரை விளிம்புவரை ஊற்றுங்கள். இதை ஆசிரியரே செய்ய வேண்டும். டம்ளருக்கு வெளியே, அதன் பாதி உயரம்வரை சாதாரண நீரை மெதுவாக நிரப்புங்கள். நீர் அடங்கியதும் டம்ளரின் அடியை ஒட்டி ஒரு பெர்மாங்கனேட் படிகத்தைப் போடுங்கள்.

ஊதா நிறம் டம்ளரின் சுவரை ஒட்டி மெல்லிய படலமாக ஏறும். நீர்ப்பரப்பை அடைந்ததும் வெளிப்புறமாகப் பரவும்.

என்ன நடக்கிறது?

சுவரைத் தொட்டிருக்கும் நீர், சுவரோடு ஒட்டி அசையாமல் நிற்கிறது. எனவே வெப்பம் முதலில் கடத்தல் மூலம் பக்கவாட்டில்தான் நீருக்குள் நுழைகிறது. சூடேறிய நீர் விரிந்து அடர்த்தி குறைகிறது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரின் நிறை ஏறத்தாழ 996 கிராம். 70 டிகிரியில் 978 கிராம். இந்தச் சிறு வேறுபாடே போதும். சுற்றியுள்ள கனமான நீர் கீழிறங்கி, இலேசான நீரை மேலே தள்ளுகிறது. மேலே போவது சூடான நீர்; வெப்பம் அதனுடன் செல்கிறது. கடத்தலும் சலனமும் இங்கே கைகோத்துச் செயல்படுகின்றன.

இப்படிப் பரப்பை ஒட்டி அமையும் மெல்லிய பகுதியே எல்லைப் படலம். இக்கருத்தை 1904இல் ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டல் முன்வைத்தார். மேலே ஏற ஏறப் படலம் தடிக்கிறது. சீரான ஓட்டத்தில் உயரம் 16 மடங்கானால் தடிமன் 2 மடங்காகும். தடித்த படலம் வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். ஆகவே, வெப்பநிலை ஒரே அளவில் உள்ள செங்குத்துச் சுவரில், அடிப்பகுதியே வேகமாக வெப்பத்தை இழக்கிறது.

தெருவோர மின்மாற்றியைக் கவனிக்கச் சொல்லுங்கள். அதன் குளிர்விப்புத் தகடுகள் செங்குத்தாக இருப்பது, சூடான காற்று இடையில் தடையின்றி மேலேறத்தான்.

மதிப்பீடு

டம்ளரில் பனிக்கட்டி நீரை ஊற்றினால் சுவரோர நீர் எத்திசையில் ஓடும்? செய்து பார்க்கும் முன் ஒவ்வொரு மாணவரும் தம் விடையைக் காரணத்துடன் எழுதட்டும். "வெப்பம் மேலே போகும்" என்பதை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே தயங்குவார். அந்தத் தயக்கத்திலிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.