பெட்டி பேசுகிறது!

மதுரையில் இருக்கும் அம்மா, டெல்லியில் இருக்கும் மகளுக்கு ஒரு பார்சல் அனுப்புகிறார். உள்ளே இரண்டு புடவை. பேரனுக்கு ஒரு சட்டை. ஒரு டப்பா முறுக்கு.

முன்பெல்லாம் பார்சலை அனுப்பிவிட்டால் வாசலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். "வந்து சேர்ந்தது" என்று மகளிடம் இருந்து ஒரு கடிதம் வந்தால்தான் அம்மாவுக்கு நிம்மதி. நடுவில் பெட்டி எந்த ஊரில் இருக்கிறது? யாருக்கும் தெரியாது.

இப்போது அப்படி இல்லை. ஸ்பீடு போஸ்ட் ரசீதில் ஒரு எண் இருக்கிறது. அதைச் செல்போனில் தட்டினால் போதும். "மதுரையில் இருந்து புறப்பட்டது; டெல்லி வந்தது; தபால்காரர் கொண்டு போகிறார்" என்று சேதி வருகிறது.

பெட்டிக்கு வாய் இல்லை. பிறகு எப்படிப் பேசுகிறது? மந்திரமா? மாயமா? இரண்டும் இல்லை. அதன் கதையைப் பார்ப்போம்.

மணலில் போட்ட கோடு

ஊரில் ஒருவரைத் தேட வேண்டும் என்றால் அவருடைய பெயர் தெரிய வேண்டும். பெட்டிக்கும் அப்படித்தான். முதலில் ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயரைக் கருவி படிக்க வேண்டும்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர்கள் இரண்டு அமெரிக்கர்கள். ஒருவர் ஜோசப் உட்லண்ட். மற்றவர் அவருடைய நண்பர் பெர்னார்டு சில்வர்.

1949-ம் ஆண்டு. மியாமி கடற்கரையில் உட்லண்ட் உட்கார்ந்து யோசித்துக் கொண்டிருந்தார். சிறு வயதில் சாரணர் படையில் இருந்தபோது தந்தி மொழி படித்தவர் அவர். தந்தி மொழியில் எழுத்து கிடையாது. புள்ளியும் கோடும்தான். நினைவில் அது ஓட, விரல்களை மணலில் குத்தினார். அப்படியே தம் பக்கம் இழுத்தார். புள்ளிகள் நீண்டு கோடுகள் ஆயின!

"அட! மெல்லிய கோடு, தடித்த கோடு என்று போட்டால், அதுவே ஒரு மொழி ஆகுமே!" என்று அவருக்குப் பட்டது.

இன்று சோப்பு, பிஸ்கட், மருந்து எதை எடுத்தாலும் அட்டையில் கறுப்புக் கோடுகள் இருக்கின்றன அல்லவா? "பார்கோடு" என்கிறோம். அது பிறந்த கதை இதுதான்.

1952-ம் ஆண்டு நண்பர்கள் இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது. ஆனால் கோட்டைப் படிக்க மலிவான கருவி அப்போது இல்லை. 22 ஆண்டுகள் ஓடின. 1974-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி, ஓஹியோ மாகாணத்தில் டிராய் என்ற ஊரில், ஒரு கடையில் முதல் பொருள் அந்த முறையில் விற்பனை ஆயிற்று. அது என்ன தெரியுமா? ஒரு சூயிங்கம் பாக்கெட்! அதைப் பார்க்க சில்வர் உயிரோடு இல்லை. 1963-ம் ஆண்டிலேயே அவர் இறந்துவிட்டார்.

எண்ணுக்குள் ஒரு காவல்காரன்

நம்முடைய ஸ்பீடு போஸ்ட் 1986-ம் ஆண்டு தொடங்கியது. அதன் ரசீதை எடுத்துப் பாருங்கள். முதலில் இரண்டு ஆங்கில எழுத்து. பிறகு ஒன்பது எண்கள். கடைசியில் "ஐ", "என்" என்று இரண்டு எழுத்து. அது இந்தியாவைக் குறிக்கும்.

ஒன்பது எண்களில் கடைசி எண் சும்மா போட்டது அல்ல. முன்னால் உள்ள எட்டு எண்களையும் ஒரு கணக்குப்படி பெருக்கி, கூட்டி, வகுத்து வரும் எண் அது. யாராவது ஒரு எண்ணை மாற்றி எழுதிவிட்டால் கணக்கு இடிக்கும். கம்ப்யூட்டர் உடனே தவறைக் கண்டுகொள்ளும். கடைசி எண், வாசலில் நிற்கும் காவல்காரன்!

கடைசியாகப் பார்த்தது யார்?

பெயர் வைத்தாகிவிட்டது. இனி, வழியில் பார்ப்பவர்கள் எல்லாம் சாட்சி சொல்ல வேண்டும்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது அமெரிக்காவின் பெடக்ஸ் கம்பெனி. 1973-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி இரவு, மெம்பிஸ் நகரில் இருந்து அதன் வேலை தொடங்கியது. முதல் நாள் 14 சிறு விமானங்கள். மொத்தம் 186 பார்சல்கள். 1986-ம் ஆண்டு அதன் ஊழியர்கள் கையில் கோடு படிக்கும் சிறு கருவி வந்தது. 1994-ம் ஆண்டு முதல் வாடிக்கையாளர்களே இன்டர்நெட்டில் பார்த்துக் கொள்ள வழி பிறந்தது.

பெட்டி லாரியில் ஏறும்போது ஒருவர் கருவியைக் காட்டுகிறார். இறங்கும்போது இன்னொருவர் காட்டுகிறார். ஒவ்வொரு தடவையும் ஊரும் நேரமும் பதிவாகின்றன. யானை வரும் பின்னே, மணி ஓசை வரும் முன்னே என்பது போல, பெட்டி வருவதற்கு முன்பே அதன் சேதி வந்துவிடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். செல்போனில் தெரிவது, பெட்டி இப்போது இருக்கும் இடம் அல்ல. கடைசியாக அதைப் பார்த்த இடம். இரண்டு நாளாக ஒரே ஊரின் பெயர் வருகிறதா? பதறாதீர்கள். பெட்டி ரயிலில் ஓடிக்கொண்டிருக்கலாம். அடுத்த ஊரில் கருவி காட்டினால் சேதி மாறும்.

வானத்தில் மணிக்கூண்டு

அப்படியானால் லாரி நடுவழியில் போகும்போதே சில கம்பெனிகள் அதன் இடத்தைச் சொல்கின்றனவே, அது எப்படி?

வானத்தில் செயற்கைக்கோள்கள் நம் லாரியை உற்றுப் பார்க்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அவை லாரியைப் பார்ப்பதே இல்லை! அவை வானத்து மணிக்கூண்டுகள். சுமார் 20 ஆயிரம் கிலோ மீட்டர் உயரத்தில் பறந்துகொண்டு, "இப்போது மணி இவ்வளவு, நான் இருப்பது இந்த இடம்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

லாரியில் உள்ள சிறு கருவி அதைக் கேட்கிறது. சேதி வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கணக்குப் போடுகிறது. நான்கு கோள்களின் சேதி கிடைத்தால் தன் இடத்தைத் தெரிந்து கொள்கிறது. பிறகு, நம் செல்போனில் இருப்பது போன்ற ஒரு சிம் கார்டு வழியாக அதை ஆபீசுக்குச் சொல்லுகிறது. கணக்கில் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும், இடம் 300 மீட்டர் தள்ளிப் போகும்!

இந்த ஏற்பாட்டை அமெரிக்கா தன் ராணுவத்துக்காகச் செய்தது. 1983-ம் ஆண்டு வழி தவறிய கொரிய நாட்டுப் பயணி விமானத்தை சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் மாண்டார்கள். அதன் பிறகு, இந்த வசதி எல்லோருக்கும் கிடைக்கும் என்று ஜனாதிபதி ரீகன் அறிவித்தார். இன்று லாரிக்கு வழி காட்டும் கருவிக்குப் பின்னால் அப்படி ஒரு சோகம் இருக்கிறது.

இடம் மட்டும் தெரிந்தால் போதுமா?

புடவை இரண்டு நாள் தாமதமானால் கெட்டுப் போகாது. குழந்தைக்குப் போடும் தடுப்பு மருந்து அப்படி அல்ல. பெரும்பாலான தடுப்பு மருந்துகள் 2 டிகிரி முதல் 8 டிகிரி வரை குளிர்ச்சியில் இருக்க வேண்டும். சூடு ஏறினால் வீரியம் போய்விடும். சில மருந்துகள் உறைந்தாலும் கெட்டுப் போகும். பெட்டி சரியான ஊருக்கு, சரியான நேரத்தில் வரும். ஆனால் உள்ளே இருப்பது வெறும் தண்ணீருக்குச் சமம்!

ஆகவே "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டால் மட்டும் போதாது. "எப்படி இருக்கிறாய்?" என்றும் கேட்க வேண்டும்.

2020-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் இருந்து பைசர் கம்பெனியின் கொரோனா தடுப்பு மருந்து புறப்பட்டது. அதற்கு மைனஸ் 70 டிகிரி குளிர் தேவைப்பட்டது. பெட்டிக்குள் உலர் பனிக்கட்டி. கூடவே, இடத்தையும் குளிரையும் சொல்லும் கருவி. இந்தியாவிலும் தடுப்பு மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டிகளில் இப்படிக் கருவி வைத்திருக்கிறார்கள். "ஈவின்" என்று பெயர். 2015-ம் ஆண்டு தொடங்கிய திட்டம். குளிர் குறைந்தால் பொறுப்பில் உள்ளவரின் செல்போனுக்குச் சேதி போகும்.

சேதி போனால் மட்டும் மருந்து பிழைக்குமா? நடுராத்திரி ஆனாலும் அவர் எழுந்து ஓட வேண்டும். மின்சாரத்தைச் சரி செய்ய வேண்டும், அல்லது மருந்தை வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டும். கருவி மணி அடிக்கும். காப்பாற்றுவது மனிதன்தான்.

பொய்ச் சேதி, ஜாக்கிரதை!

நல்லது இருக்கும் இடத்தில் திருடனும் வருவான். "உங்கள் பார்சல் நிற்கிறது. விலாசம் சரியில்லை. இதைத் தொட்டு ஐந்து ரூபாய் கட்டுங்கள்" என்று செல்போனில் சேதி வரும். தொட்டால், பாங்கியில் உள்ள பணம் போய்விடும்!

சேதியில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். உங்கள் கையில் உள்ள ரசீது எண்ணை, நீங்களே தபால் இலாகாவின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பார்சலே வரவேண்டியது இல்லை என்றால், சேதியை அழித்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு.

மதுரை அம்மாவின் செல்போனில் சேதி வந்துவிட்டது: "பார்சல் ஒப்படைக்கப்பட்டது." ஆனாலும் அவருக்கு மனம் ஆறவில்லை. மகளுக்கு போன் போடுகிறார்.

"முறுக்கு உடையாமல் வந்ததாடி?"

அதற்குப் பதில் சொல்ல, மகள்தான் வேண்டும்!