இதயத் தளர்ச்சியும் அன்றாட நிலுவையும்

ரப்பர்த் தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு நிலுவையைப் பற்றி எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மரங்களிலிருந்து சேர்த்த பாலை வாளியில் சுமந்து சென்று நிறுத்துவிட்டால் மட்டும் அன்றைய கணக்கு முடிந்துவிடாது. பாலில் நீர் மிகுந்திருந்தாலும் எடை கூடும். ஆனால் ரப்பர் கூடாது. ஆகையால்தான் மெட்ரோலாக் என்னும் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதிலுள்ள காய்ந்த ரப்பரின் அளவைக் கணிக்கின்றனர். இதயத் தளர்ச்சி கண்டவர்களுக்கும் இப்பாடம் பொருந்தும். சில நாட்களுக்குள் அவர்களின் உடல் எடை விரைந்து கூடுமாயின், அது பெரும்பாலும் சதையன்று. உடலில் தேங்கிய நீரேயாகும்.

இதயத் தளர்ச்சி என்பது யாது?

இதனை இதயச் செயலிழப்பு என்றும் கூறுவர். இதயம் நின்றுவிட்டது என்பது இதன் பொருளன்று; இரத்தத்தை உடலெங்கும் செலுத்தும் ஆற்றல் அதற்குக் குறைந்துவிட்டது என்பதே பொருள். மாரடைப்பு, நெடுநாளைய இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை இதற்கு முக்கியக் காரணங்கள். இரத்த ஓட்டம் தளரும்போது சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் தேக்கிக்கொள்கின்றன. கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சுத் திணறுகிறது, ஒரு தலையணையில் உறங்கியவருக்கு மூன்று தலையணைகள் தேவைப்படுகின்றன.

பேராக் மாநிலத்தில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. அவற்றோடு தோட்டத்து மருந்தகமும், லயத்திற்கே வந்து நோயாளியைப் பார்த்த டிரஸரும் மறைந்துவிட்டனர். ஈப்போவிலுள்ள ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனையிலோ, அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திலோ மருத்துவரைக் காணும் நேரம் சிறிதே. எஞ்சிய நாட்களிலெல்லாம் நோயாளியும் அவர் குடும்பத்தாருமே உடலைக் கவனித்துக்கொள்ள வேண்டும். இதுவே சுயபராமரிப்பு எனப்படும்.

பராமரிப்பையும் அளக்க முடியுமா?

“உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா?” என்று கேட்டால், “ஆம்” என்பதே எல்லாரும் கூறும் விடை. அந்த விடையால் மருத்துவருக்கு யாதொரு பயனும் இல்லை. ஆகவே, செய்யும் செயல்களை ஒவ்வொன்றாகக் கேட்டு மதிப்பெண் இடும் முறைகளைத் தாதியர் துறை அறிஞர்கள் வகுத்தனர். நெதர்லாந்தைச் சேர்ந்த டீனி யார்ஸ்மாவும் அவருடன் பணியாற்றியோரும் 2003இல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். அமெரிக்காவின் பார்பரா ரீகல் குழுவினர் 2004இல் மற்றொன்றை வெளியிட்டனர். பின்னதில், அன்றாடம் உடலைப் பேணுதல், அறிகுறி தோன்றியதும் செயற்படுதல், தம்மால் இயலும் என்னும் நம்பிக்கை ஆகியவை தனித்தனியே அளக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் 100க்கு 70 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெறுவது போதுமானது எனக் கொள்ளப்படுகிறது.

முதலில் கூறிய அளவுகோலின் சுருக்க வடிவில் ஒன்பது செய்திகளே உள்ளன. நாள்தோறும் எடை பார்த்தல், பருகும் நீரை அளவோடு கொள்ளுதல், உப்பைக் குறைத்தல், மருந்தைத் தவறாது உட்கொள்ளுதல், ஒழுங்காக உடற்பயிற்சி செய்தல் ஆகியவை ஐந்து. மூச்சுத் திணறல், கால் வீக்கம், எடை, களைப்பு ஆகியவற்றில் எது கூடினாலும் மருத்துவரிடமோ தாதியிடமோ தெரிவித்தல் ஏனைய நான்கு. முற்றிலும் செய்பவருக்கு 1, சிறிதும் செய்யாதவருக்கு 5 என எண் இடப்படும். கூட்டுத்தொகை 9 முதல் 45 வரை அமையும். பள்ளித் தேர்வைப் போலன்றி, இம்முறையில் எண் குறையக் குறையவே பராமரிப்பு சிறந்தது.

கூட்டுத்தொகை மட்டும் போதாது

ஒருவர் மருந்தை ஒரு வேளையும் தவறவிடாதவர், உப்பையும் குறைத்துவிட்டார், மாலையில் நடக்கவும் செய்கிறார். ஆனால் வீட்டில் எடைக்கருவி இல்லை. கால் வீங்கினாலும், “அடுத்த மாதம் கிளினிக் போகும்போது சொல்லலாம்” என்று பொறுத்திருக்கிறார். கூட்டிப் பார்த்தால் அவர் எண் மோசமாகத் தோன்றாது. ஆயினும் அவரை நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லக்கூடியது அந்த இரு குறைகளே. ஆகவே, எந்தச் செய்தியில் 5 விழுந்தது என்று பார்ப்பதே இவ்வளவையின் உண்மைப் பயன்.

உள்ளதை உள்ளபடியே கூறுதல் இன்றியமையாதது. பேருந்தில் ஈப்போவுக்குச் செல்லும் நாளில், வழியில் சிறுநீர் கழிக்க இடமிராது என்று அஞ்சி நீர் மாத்திரையை விட்டுவிடுவோர் உண்டு. அதனை மறைக்காது கூறினால், எந்நேரத்தில் உட்கொள்ளலாம் என்று மருத்துவர் மாற்றிக் கொடுப்பார். கருவாடு, நெத்திலி, ஊறுகாய், அப்பளம், சோயா சாஸ் ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். மூட்டு வலிக்காகக் கடையில் வாங்கும் சில வலி மாத்திரைகளும் நீரைத் தேக்கி இதயத்தை மேலும் தளர்த்தும். ஆதலின் மருத்துவரைக் கேளாமல் அவற்றை உண்ணலாகாது.

நாம் செய்ய வேண்டியது

காலையில் எழுந்து, சிறுநீர் கழித்தபின், பசியாறுவதற்கு முன், ஒரே வகை உடையில், ஒரே கருவியில் எடை பார்க்க வேண்டும். நாளையும் எடையையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். எழுத இயலாத முதியோருக்குப் பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால், மருத்துவர் குறித்த நாள் வரட்டும் என்று காத்திராமல் உடனே தெரிவிக்க வேண்டும். படுக்க இயலாதவாறு மூச்சுத் திணறினாலோ, மார்பு வலித்தாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பிறருக்காகப் பல்லாண்டுகள் பாலை நிறுத்துக் கணக்குக் கொடுத்த கைகள் நம்முடையவை. நம் உடலுக்காக ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதி, அந்த நோட்டுப் புத்தகத்தை மருத்துவரிடம் எடுத்துச் செல்வோம். மருத்துவர் நம்மைக் காணாத நாட்களின் கணக்கு அதில்தான் இருக்கிறது.