கூப்பிட்டவர் யார்?

ஆன்லைன் ரோல்பிளே விளையாட்டுக்கு டேட்டாபேஸ் போட உட்கார்ந்தப்போ, பொருள், உரிமையாளர்னு ஒரு டேபிள் போதும்னு நினைச்சேன். போதாது. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பாவெல் கர்ட்டிஸ் 1990-ல் தொடங்கிய லாம்ப்டாமூவைப் பாருங்கள். அறை, கத்தி, ஆட்டக்காரர் எல்லாமே எண்ணிட்ட பொருள்கள்தான். பொருளோடு ஒட்டியிருக்கும் நிரல் மட்டும் கூப்பிட்டவர் அதிகாரத்தில் ஓடாது, அந்த நிரலுக்கு உரியவரின் அதிகாரத்தில் ஓடும். அதனால்தான் என் பெட்டியை நீங்கள் திறக்கலாம். அதன் பூட்டு எண்ணை நீங்களே மாற்ற முடியாது.

வம்பும் இங்கேதான். நிர்வாகி பெயரில் உள்ள நிரல் 'கூப்பிட்டது யார்?' என்று கேட்காவிட்டால், நேற்று சேர்ந்தவரும் பாதி நிர்வாகிதான். என் சோதனை விளையாட்டில் 'பரிசு கொடு' நிரலை அப்படியே விட்டிருந்தேன். நண்பர் ஒருவர் மற்றவர்கள் பொருளையெல்லாம் தனக்கே பரிசளித்துக்கொண்டார்! இப்போ முதல் வரியிலேயே, பொருள் கூப்பிட்டவருடையதுதானா என்று பார்க்கிறேன்.