கண்ணாடி உலை வளர்த்த மரவீட்டு ஊர்

செக் குடியரசின் வடபகுதியில், போலந்து எல்லையை ஒட்டிய யிசெரா மலைகளில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 860 மீட்டர் உயரத்தில் யிசெர்கா என்ற சிற்றூர் உள்ளது. சுற்றிலும் ஸ்ப்ரூஸ் காடு. நடுவே நீண்ட புல்வெளி. அதில் ஒன்றுக்கொன்று எட்ட நிற்கின்றன மரவீடுகள். அருகில் எழும் 1005 மீட்டர் உயரப் புகோவெட்ஸ், எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பசால்ட் குன்று. நீலக்கல் தேடி வந்தவர்கள் இங்குள்ள ஓடைகளின் மணலை நெடுங்காலம் சலித்திருக்கிறார்கள். ஆனால் ஊரை ஊராக்கியது ரத்தினமல்ல, கண்ணாடிதான்.

கண்ணாடி உருக்க உலைக்கு ஓயாமல் விறகு வேண்டும். மணலை எளிதில் உருகச் செய்யும் பொட்டாஷ் உப்பையும் அக்காலத்தில் மரச்சாம்பலிலிருந்தே எடுத்தார்கள். அதனால் காடு இருக்கும் இடத்தைத் தேடி உலைகள் போயின. 1820களின் இறுதியில் ஃபிரான்ஸ் ரீடல் இங்கே ஓர் உலையைத் தொடங்கினார். அவர் யுரேனியம் கலந்து செய்த மஞ்சள், பச்சை நிறக் கண்ணாடிகளுக்குத் தம் மகள் அன்னாவின் பெயரைச் சூட்டினார். புற ஊதா ஒளி பட்டால் அந்தக் கண்ணாடி பச்சையாக ஒளிரும். 1866இல் இரண்டாவது உலையும் வந்தது. முதலாளிக்கு ஒரு பெரிய வீடு, தொழிலாளர்களுக்குக் குடியிருப்புகள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என ஊர் வளர்ந்தது. ஆக, உழவர்கள் மட்டுமே வாழ்ந்த மலைக்கிராமமாக இதை நினைத்துக்கொள்வது தவறு. உலை வேலையை நம்பிப் பிழைத்த ஊர் இது.

வீடு கட்டும் முறையைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். முதலில் ஈரம் ஏறாதபடி கல்லால் அடித்தளம். அதன்மேல் செதுக்கிய பருத்த மரங்களைக் கிடையாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். மூலையில் இரு சுவர்களின் மரங்களும் வெட்டுவாயில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். சுவரின் பாரமே அந்தப் பிணைப்பை இறுக்குகிறது. இடுக்குகளில் பாசியும் களிமண்ணும் அடைத்துக் குளிர்காற்றைத் தடுப்பார்கள். பனி வழுக்கி விழ வசதியாகக் கூரை செங்குத்தாகச் சரிந்திருக்கும். இந்த வகை வீட்டைச் செக் மக்கள் ரோவ்பென்கா என்கிறார்கள். இந்த மேட்டுச் சமவெளியில் கோடையிலும் உறைபனி விழுவதுண்டு. அங்கே இந்தச் சுவர்களைவிடப் பொருத்தமான ஏற்பாடு அன்றைக்கு வேறில்லை.

1911இல் கண்ணாடி உற்பத்தி நின்றது. இங்கு வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழி பேசியவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டார்கள். தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களை இழந்த வீடுகள் பிறகு விடுமுறை இல்லங்களாகின. அவற்றில் பெயர்போனது 'சாண வீடு'. உலகம் சுற்றிய பயணி குஸ்தாவ் கின்ஸல் வாங்கியபோது அது சாணம் நிறைந்த மாட்டுக்கொட்டில். 1995இல் அது எரிந்துபோக, பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பினார்கள்.

காட்டுக்கும் பெரும் சோதனை வந்தது. 1970, 80களில் செக்கோஸ்லோவாக்கியா, கிழக்கு ஜெர்மனி, போலந்து மூன்றும் சந்திக்கும் பகுதியில் நிலக்கரி மின்நிலையங்கள் கக்கிய கந்தகப் புகை அமில மழையாக இறங்கியது. மலைச்சரிவுகளில் ஸ்ப்ரூஸ் மரங்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டுப்போயின. இன்று நிற்பதில் பெரும்பகுதி அதற்குப் பின் நட்டு வளர்த்த இளங்காடு. அந்த உழைப்பு இந்த வீடுகளைக் காத்த உழைப்புக்குச் சற்றும் குறைந்ததல்ல.

நகர வெளிச்சம் எட்டாத யிசெர்காவின் பள்ளத்தாக்கும் எல்லைக்கு அப்பாலுள்ள போலந்துப் பகுதியும் சேர்ந்து 2009இல் இருள்வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. இரு நாடுகளில் விரிந்த அத்தகைய பூங்கா உலகில் அதுவே முதலாவது. யிசெர்காவுக்குப் போகிறவர்கள் மரவீடுகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், பழைய பள்ளிக் கட்டடத்திலுள்ள அருங்காட்சியகத்தையும் பார்க்க வேண்டும். ஊரின் கண்ணாடிக் கதை அங்கேதான் இருக்கிறது.