நான்காவது இருக்கை

வங்கி அதிகாரியாகிய என் மேசைக்கு நாள்தோறும் வரும் படிவங்களில் முதல் வரி பெயருக்குரியது. அடுத்தடுத்த வரிகளில் தந்தையின் பெயர், பிறந்த நாள், முகவரி, தொழில், ஆண்டு வருமானம் ஆகியவை இடம்பெறும். அவற்றைச் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையொப்பமிடுவது என் பணி. ஒருவரைப் பற்றி இவ்வளவும் தெரிந்துகொண்ட பின்னும், எந்தப் பாட்டைக் கேட்டால் அவர் முகம் மலரும் என்பது எனக்குத் தெரியாது.

இதற்கு நேர்மாறான அனுபவம் ஒன்றும் எனக்கு உண்டு. நான்கு ஆண்டுகள் தோளோடு தோள் உரச அமர்ந்து பயணித்த நண்பர் ஒருவரின் முழுப்பெயரை நான் அறியாதிருந்தேன். அவருக்குப் பிடித்த பாடல்கள் மட்டும் வரிசையாக எனக்குத் தெரியும்.

ஓடும் வண்டியில் ஒரு சபை

2008-ஆம் ஆண்டு நான் மும்பைக்கு மாற்றப்பட்டேன். வாடகைக்கு வீடு அமைந்தது டோம்பிவிலியில்; அலுவலகமோ ஃபோர்ட் பகுதியில். இடைப்பட்ட தொலைவு 50 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் பெரும்பகுதி, 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணே வரை நாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடிய தடம். அந்த வரலாற்றை எண்ணிப் பார்க்கும் நிலையில் காலை நேரத்துப் பயணி எவரும் இருப்பதில்லை. ஒரு கையால் மேற்பிடியையும் மறு கையால் பையையும் பற்றிக்கொண்டு நிற்பதே பெரும்பாடு.

புறநகர் ரயிலின் இருக்கைப் பலகை மூவருக்காக அமைக்கப்பட்டது. ஆயினும் அந்நகரில் எழுதப்படாத சட்டம் ஒன்று நடைமுறையில் உள்ளது. மூவரும் சற்று நெருங்கி அமர்ந்து நான்காமவருக்கு ஓரத்தில் இடம் தருவார்கள். அவர் பாதி உடலைப் பலகையிலும் பாதியை நடைவழியிலுமாக வைத்துக்கொள்வார். அதற்கு ‘சௌத்தி சீட்’, அதாவது நான்காவது இருக்கை என்று பெயர். மூன்று மாதங்கள் நின்றே பயணம் செய்த என்னை, ஒரு நாள் நரைத்த மீசைக்காரர் ஒருவர் கையசைத்து அழைத்து அந்த ஓரத்தைக் காட்டினார். மறுநாளும் அது எனக்காகக் காத்திருந்தது. அதன் பின்னர் அது என் இருக்கையாயிற்று.

அவர் கல்யாண் நிலையத்தில் ஏறுபவர். எல்லோரும் அவரைக் ‘கல்யாண் காகா’ என்று அழைத்தனர். அக்குழுவில் எவருக்கும் வீட்டில் வைத்த பெயர் வழங்கவில்லை. அஞ்சல் அலுவலகத்தில் பணிபுரிந்தவர் ‘டாக்’, மருந்து மொத்த வணிகத்தில் கணக்கு எழுதியவர் ‘தவா’, தாணேயில் ஏறுபவர் ‘தாணே’. நான் ‘பாங்க்’. தமிழகத்தில் பெயருக்கு முன் ஒற்றை எழுத்தோடு வளர்ந்தவன் நான். வடக்கே சென்ற இடமெல்லாம் குடும்பப்பெயர் கேட்கப்பட்டு, அந்த எழுத்தை விரித்து எழுத, பல அலுவலகங்களில் என்னை என் தந்தையின் பெயர் சொல்லியே அழைத்தனர். அந்த ரயில் பெட்டியில் அத்தகைய குழப்பம் ஏதுமில்லை.

வண்டி தாணேயைக் கடந்ததும் பாட்டு தொடங்கும். முதலில் சிறு தாளத்தோடு துக்காராம், ஞானேஸ்வர் ஆகியோரின் அபங்கங்கள். பின்னர் பழைய இந்தித் திரைப்பாடல்கள். காகாவுக்குப் பெட்டியின் இரும்புச் சுவரே தபலா. தசராவுக்கு முந்தைய வேலை நாளில் பெட்டி முழுவதும் தோரணம் கட்டி, ஆரத்தி எடுத்து, இனிப்பு வழங்குவார்கள். அன்று அலுவலகத்துக்குச் செல்கிறோமா, கோயிலுக்குச் செல்கிறோமா என்னும் ஐயம் எனக்கு எழும்.

ஒரே வானொலி, இரு மொழிகள்

வெள்ளிக்கிழமைகளில் அந்தாக்ஷரி நடைபெறும். ஒருவர் பாடி முடித்த எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். என் இந்திப் பாடல் அறிவு பத்துப் பாடல்களைத் தாண்டாது. என் முறை வரும்போதெல்லாம் காகா குனிந்து காதருகே முதல் சொல்லை முணுமுணுப்பார். எதிரணியினர் கூச்சலிடுவார்கள். “நான்காவது இருக்கைக்குச் சலுகை உண்டு” என்பது அவர் வகுத்த விதி.

“இவ்வளவு பாடல்களையும் எங்கே கற்றீர்கள்?” என்று ஒரு முறை கேட்டேன். புதன்கிழமை இரவுகளில் அண்டை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அமீன் சயானி தொகுத்து வழங்கிய பினாகா கீத்மாலாவைக் கேட்டு வளர்ந்ததாகக் கூறினார். 1952-இல் தொடங்கிய அந்நிகழ்ச்சி ஒலிபரப்பானது கொழும்பிலிருந்து. அக்காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்திருந்ததால், நாட்டின் செவிகள் கடல் கடந்து திரும்பியிருந்தன.

நான் வியப்புற்றேன். இராமநாதபுரம் கடலோரத்தில் என் தந்தையார் மாலைதோறும் திருப்பிய அலைவரிசையும் கொழும்பினுடையதே. கே.எஸ்.ராஜாவின் குரலும் பி.எச்.அப்துல் ஹமீதின் குரலும் எங்கள் வீட்டு உறவினர் குரல்களைப் போல் எனக்குப் பழக்கமானவை. ஒரே நிலையம் அவருக்கு இந்தியிலும் எங்களுக்குத் தமிழிலும் பாடியிருக்கிறது. அன்று முதல் அவர் என்னைத் தமிழ்ப்பாட்டு ஒன்று பாடச் சொல்லிக் கேட்கத் தொடங்கினார். பொருள் புரியாவிட்டாலும் தாளம் தவறாமல் சுவரைத் தட்டினார்.

சன்னலோரம் காலியாயிற்று

2012 ஜூலையில், மழை வலுத்திருந்த ஒரு திங்களன்று காகா வரவில்லை. மழையென்று எண்ணினோம். வாரம் முடிந்தும் வரவில்லை. அப்போதுதான் எங்களுக்கு ஓர் உண்மை உறைத்தது. அவருடைய முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றில் ஒன்றுகூட எவரிடமும் இல்லை. நாளும் காலையில் நேரில் காண்பவரின் எண்ணை யார் கேட்டு வைப்பார்கள்?

எல்லோர் பார்வையும் என்மேல் திரும்பியது. மகளின் திருமணத்துக்காக எங்கள் வங்கியின் கல்யாண் கிளையில் வைப்புத்தொகை வைத்திருப்பதாகவும், அதற்கு வட்டி விகிதம் என்ன என்றும் அவர் ஒரு முறை என்னிடம் கேட்டிருந்தார். பேச்சுவாக்கில் குடும்பப்பெயரையும் சொல்லியிருந்தார். “உன் கணினியில் பார்த்தால் ஒரு நிமிட வேலைதானே?” என்றார் டாக்.

உண்மையில் ஒரு நிமிட வேலைதான். அன்று பிற்பகல் கணினியின் முன் அமர்ந்தேன். குடும்பப்பெயரின் முதல் மூன்று எழுத்துகளைத் தட்டியும் விட்டேன். அதற்கு மேல் விரல் செல்லவில்லை. வாடிக்கையாளரின் விவகாரங்களைக் காக்க வேண்டிய கடமையை, வங்கிகளை நாட்டுடைமையாக்கிய 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு எங்கள்மேல் சுமத்துகிறது. பணியில் சேரும்போது அதற்கென உறுதிமொழியும் எழுதித் தருகிறோம். நண்பரைத் தேடுவது நற்செயலே. ஆயினும் அது வங்கியின் வேலை அன்று. தட்டிய எழுத்துகளை அழித்துவிட்டேன்.

மறுநாள் அதைச் சொன்னபோது பெட்டியில் எவரும் என்னோடு பேசவில்லை. “மனிதன் பெரியவனா, சட்டம் பெரியதா?” என்று தவா மட்டும் கேட்டார். என்னிடம் விடை இல்லை. அவ்வாரம் எனக்காக இடம் ஒதுங்கியது. ஆனால் பாட்டு எழவில்லை. காகாவுக்கு ஏதேனும் தீங்கு நேர்ந்திருந்தால் என் நேர்மையை நானே மன்னிப்பேனா என்று இரவுகளில் உறக்கமின்றிக் கிடந்தேன்.

ஞாயிறன்று தவாவும் நானும் கல்யாணில் இறங்கினோம். தேநீர்க் கடைகளில் விசாரித்தோம், பயனில்லை. நிலைய வாயிலில் பூ விற்கும் மூதாட்டியிடம், பெட்டியிலுள்ள சாமிப் படத்துக்கு வியாழன்தோறும் ஒரு முழம் சாமந்தி வாங்கிவரும் மீசைக்காரரைப் பற்றித் தவா கேட்டார். “நெஞ்சுவலி கண்டு மருத்துவமனையில் இருந்தாரே, அவரா?” என்று கேட்ட அம்மூதாட்டி, பேரனை எங்களோடு வழிகாட்ட அனுப்பினார்.

கதவைத் திறந்தவர் காகாவின் மனைவி. ரயில் நண்பர்கள் என்றதும் தவாவை ஒரு கணம் உற்று நோக்கி, மருந்துக் கணக்கரா என்று வினவினார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்கள்தானே நான்காவது இருக்கை?” என்றார். எங்கள் பெயர்கள் அவருக்கும் தெரியாது. எனினும் நாங்கள் ஒவ்வொருவரும் நான்கு ஆண்டுகளாக அவ்வீட்டில் மாலைதோறும் பேசப்பட்டிருக்கிறோம்.

அறுவைச் சிகிச்சை முடிந்து காகா கட்டிலில் சாய்ந்திருந்தார். கணினியில் தேடாமல் விட்டதைத் தயக்கத்துடன் அவரிடம் சொன்னேன். அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். “பார்த்திருந்தால் ஒரு வாரம் முன்னதாக வந்திருப்பாய். கூடவே, என் மகளுக்காக நான் எவ்வளவு சேர்த்திருக்கிறேன், எவ்வளவு சேர்க்கவில்லை என்பதும் உன் கண்ணில் பட்டிருக்கும். அதற்குப் பிறகு உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் எப்படிப் பாடுவேன்?” என்றார்.

பின்னர் மனைவியிடம் சொல்லித் தம் சேமிப்புப் புத்தகத்தையும் வைப்புச் சான்றிதழையும் எடுத்துவரச் செய்து என் கையில் கொடுத்தார். “இப்போது பார், நானே தருகிறேன்” என்றார். வைப்புத்தொகைக்கு நியமனதாரர் என்று குறிக்கப்பட்டிருந்தவர் காலஞ்சென்ற அவருடைய தந்தையார். அந்த வாரமே உரிய படிவம் அளித்து, மனைவியின் பெயர் சேர்க்கப்பட்டது.

பெயர் எழுதிய தாள்

காகாவால் மீண்டும் அந்தக் கூட்டத்தில் ஏறிப் பயணிக்க இயலவில்லை. குழுவினர் அனைவரும் பெயர், வீட்டு எண், இரத்த வகை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிப் படியெடுத்து ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டோம். மறு ஆண்டு எனக்கு மாற்றல் வந்தது.

நாள்தோறும் உடன் நடப்பவர், உடன் பயணிப்பவர் ஆகியோரின் முழுப்பெயரையும் அவர் வீட்டார் எண்ணையும் இன்றே கேட்டு வையுங்கள் என்று வாடிக்கையாளர்களாகிய உங்களை வேண்டுகிறேன். உங்கள் கணக்கில் நியமனதாரராக இருப்பவர் யார் என்பதையும் ஒரு முறை சரிபாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குகளில் நான்கு பேர் வரை நியமிக்க இயலும். வாழ்க்கை மாறிய அளவுக்கு நம் படிவங்கள் மாறியுள்ளனவா என்று பார்க்கும் பொறுப்பு நம்முடையது. நீங்கள் எழுதித் தந்ததை வேறு எவர் கண்ணிலும் படாமல் காக்கும் பொறுப்பு எங்களுடையது.

காகாவின் முழுப்பெயர் இப்போது எனக்குத் தெரியும். எனினும் என் கைப்பேசியில் அவர் இன்றும் ‘கல்யாண் காகா’தான். புதன்கிழமை இரவுகளில் அந்தப் பெயர் திரையில் ஒளிரும். எடுத்தவுடன் மறுமுனையில் ஏதோ ஒரு பாட்டின் முதல் சொல் மெதுவாகக் கேட்கும். அடுத்த சொல்லிலிருந்து நான் பாட வேண்டும்.